முத்துக்குளித்துறைக்கு ஒரு கற்பனைக் கொடி: வரைவும் அளவுகளும் (புனைபெயர்களில் ஓர் உரையாடல்)

தேரிக்காடு:
கொற்கை, பழையகாயல், தூத்துக்குடி, மன்னார் வளைகுடாத் தீவுகள் எல்லாம் சேர்ந்த முத்துக்குளித்துறைக்கு ஒரு கற்பனைக் கொடி வரைய வேண்டும். தனி நாடு, தனி ஆட்சி என்கிற பொருளில் இல்லை. ஒரு வட்டாரத்தின் வரலாற்றை ஒரு துணியில் எப்படிச் சொல்லலாம் என்பதுதான் கேள்வி.

முதல் வரைவில் உள்ளவை: நீளம் அகலம் 5:3. மேலே வெளிர்நீலத்திலிருந்து கருநீலத்துக்கு மாறும் கடல். நடுவில் செதிலோடு இரண்டு கயல். மீன்களுக்கு மேல் ஒளி வீசும் முத்து. இடது மூலையில் வலம்புரிச் சங்கு, வலது மூலையில் பனை. அடியில் தேரி மணலின் சிவப்பு, அதன்மேல் வெள்ளை எழுத்தில் 'கொற்கை'. எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

பாய்மரம்:
முதலில் எழுத்தை எடுங்க. கொடிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒற்றைத் துணியில் அச்சடித்தால் பின்பக்கம் இருந்து பார்க்கிறவருக்கு 'கொற்கை' இடம் வலம் மாறிக் கண்ணாடியில் தெரியற மாதிரி தெரியும். இதே காரணத்துக்காகச் சங்கும் போகணும். இதைப் பலரும் கவனிக்கிறதே இல்ல: முன்பக்கம் வலம்புரியா இருக்கிற சங்கு, பின்பக்கம் இடம்புரியாத்தான் தெரியும். வலம்புரிக்கு மதிப்பே அது சுழியற திசைதான். காற்று திசை மாறும்போதெல்லாம் பொருள் மாறுற சின்னத்தைக் கொடியில வைக்கக் கூடாது.

அடுத்தது, காற்று இல்லாத நேரத்தை நினைச்சுப் பாருங்க. கொடி கம்பத்தை ஒட்டித் தொங்கும்போது கம்பத்துப் பக்கம் உள்ள மூன்றில் ஒரு பங்குதான் கண்ணுக்குப் படும். பறக்கிற முனைதான் முதல்ல கிழியும், நிறமும் அங்கேதான் முதல்ல வெளிறும். அதனால முக்கியச் சின்னத்தின் மையம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், கம்பத்துப் பக்கம் இருக்கட்டும். 900 மி.மீ. நீளம்னா 300இல்.

நிறம் மாறிக்கொண்டே போகும் கடல் வேண்டாம். துணி மடியும்போது நிழல் தானா விழும். வரைஞ்ச நிழலும் விழுற நிழலும் ஒன்னோட ஒன்னு மோதி அழுக்குப் படிஞ்ச மாதிரி தெரியும்.

நாணயப்பெட்டி:
மீனைப் பற்றிச் சொல்கிறேன். செதில் வரைந்த மீன் பாண்டியர் மீன் அல்ல, பாடப்புத்தக மீன். சங்ககாலப் பாண்டியரின் 'பெருவழுதி' நாணயத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் குதிரையும் தமிழி எழுத்தும், மறுபக்கம் மீன். அந்த மீன் உயிருள்ள மீனைப் போல வரையப்படவில்லை. சில கோடுகளும் கோணங்களும் மட்டுமே. விரல் நுனி அளவுச் செம்பில் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக அச்சு வெட்டியவர் செய்த சுருக்கம் அது. கொடிக்கும் அதே தேவைதான்.

பிற்காலத்தில் கயல் இரண்டானது. பாண்டி நாட்டுக் கோயில் விதானங்களில் இரண்டு கயல்கள் செங்குத்தாக நிற்க, நடுவே செண்டு என்கிற கோல் இருக்கும். செண்டு அரசாணையின் அடையாளம். இந்தக் கொடி ஓர் அரசனுக்கு இல்லை, ஒரு கடற்கரைக்கு என்றால், செண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் முத்தை வையுங்கள். பழைய இலச்சினையைத் தெரிந்தவருக்கு எது மாறியிருக்கிறது என்பது உடனே புரியும். தெரியாதவருக்கும் இரண்டு மீன், ஒரு முத்து என்பது போதும்.

பனையை விட்டுவிடுங்கள். அந்த மண்ணில் பனை இல்லாத ஊர் இல்லை என்பது உண்மை. ஆனால் தொல்காப்பியத்தில் 'போந்தை வேம்பே ஆரென வரூஉம்' என்று வருகிறதே, அந்த மூன்றில் போந்தை, அதாவது பனை, சேரனுடையது. வேம்பு பாண்டியனுடையது. ஆத்தி சோழனுடையது. கயலுக்குப் பக்கத்தில் பனையை வைத்தால் பாண்டியர் கொடியில் சேரன் வந்து நிற்பான். தவிர, பனைக்கொடியோன் என்றால் பலராமன்.

தேரிக்காடு:
சங்கு பின்பக்கம் திரும்பும் என்பதை யோசிக்கவே இல்லை. நன்றி. இரண்டாம் வரைவு:

3:2. அளவு 900 × 600 மி.மீ. உயரத்தை 50 வீதம் 12 பங்காக்கினால், மேலே 7 பங்கு நீலம், 1 பங்கு வெள்ளை, கீழே 4 பங்கு தேரிச் சிவப்பு. வெள்ளை உப்பளத்துக்கு. இரண்டு மீனும் வெள்ளை, தலை மேல்நோக்கி. நடுவில் 60 குறுக்களவில் முத்து.

நாணயப்பெட்டி:
ஒரு பெரிய சிக்கல். மேலே நீலம், நடுவே வெள்ளை, கீழே சிவப்பு. நெதர்லாந்துக் கொடியைத் தலைகீழாகப் பிடித்தது போல இருக்கிறது. வேறு ஊராக இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். தூத்துக்குடியை 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம்தான் பிடித்தது. முத்துக்குளிப்பின் வருவாய்க்காகத்தான் அந்தப் போட்டியே. ஊர் கடைசியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது 1825இல். அந்தக் கடற்கரைக்கு இந்த மூன்று பட்டை வந்தால் பார்க்கிறவர் டச்சுக்காரரைத்தான் நினைப்பார்.

உப்பளம்:
வெள்ளையைப் பட்டையா வைக்காதீங்க, அம்பாரமா வைங்க. பாத்தியில இருந்து வாரின உப்பை வரப்போரம் குவிச்சு வச்சிருப்பாங்கல்ல, தூரத்துல இருந்து பார்த்தா வரிசையா வெள்ளை முக்கோணம்தான் தெரியும். 900 நீளத்துக்கு 6 முக்கோணம், அடி 150, உயரம் 75. சரிவு சரியா 45 டிகிரி, வரையவும் சுலபம். மூணு பட்டைங்கிற எண்ணமே போயிரும்.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. தேரி மண்ணு ரத்தச் சிவப்பு இல்ல. இரும்பு ஆக்சைடு ஏறின செங்கல் நிறம். கொஞ்சம் பழுப்பு கலந்தாத்தான் அது தேரி. பளீர்னு சிவப்பு வச்சா கட்சிக்கொடியாத்தான் தெரியும்.

கோணமானி:
உப்பளம் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டேன். நீலம் 400, சிவப்பு 200 என்று 2:1 ஆக்கினால் சுத்தமாக வருகிறது. முக்கோணங்களின் அடி 400இல், முனை 325இல்.

மீனை இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் கையால் இழுக்க வேண்டாம். ஆரம் 133 உள்ள இரண்டு வட்டம் போடுங்கள். மையங்களுக்கு இடையே 186 தூரம் இருக்கட்டும். இரண்டையும் தேர்ந்தெடுத்து இன்டர்செக்‌ஷன் கொடுத்தால், அதாவது இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் வைத்தால், 80 அகலம், 190 நீளத்தில் உடல் கிடைக்கும். அதன்கீழ் வால்: அடி 80 உள்ள முக்கோணம், முனை மேலே பார்க்க. இரண்டையும் யூனியன் செய்தால் (ஒரே வடிவமாக இணைத்தால்) மொத்தம் 250 உயரத்தில் ஒரு மீன்.

இங்கேதான் எல்லாரும் தவறுகிற இடம். வாலின் முனை உடலுக்குள் எவ்வளவு நுழைகிறது என்பதைப் பாருங்கள். 10 மட்டும் நுழைத்தால் கழுத்து 7 மி.மீ. ஆகிவிடும். திரையில் அழகாகத் தெரியும். துணியில் வெட்டினால் அந்த இடம் நூலாகப் பிரியும். 20 நுழைத்தால் கழுத்து ஏறக்குறைய 13 மி.மீ. அதற்குக் குறைய வேண்டாம். அப்படியென்றால் வால் முக்கோணத்தின் உயரம் 80.

மீன்களின் மையக்கோடு 210, 390. மீனுக்கு மேலே 50 விடுவதாக வைத்துக்கொள்வோம். அப்படி வைத்தால் வாலுக்கும் உப்பு முனைக்கும் இடைவெளி 25தான். 30 மி.மீ. உயரத்துக்குச் சுருக்கினால் அது 1.25 மி.மீ. ஆகி, வாலும் உப்பும் ஒட்டிக்கொள்ளும். மீனை 15 மேலேற்றுங்கள். மேலே 35, கீழே 40.

முத்துக்கும் இடம் மாற்ற வேண்டும். மீன் வயிற்றுக்கு நடுவே இருக்கிற இடைவெளி 100தான். அதில் 60 முத்து நெருக்கும். வால் கழுத்து ஒடுங்குகிற இடத்துக்கு இறக்கினால் இடைவெளி ஏறக்குறைய 167 ஆகிறது. அங்கே 80 குறுக்களவு முத்து தாராளமாக அமரும். மையம் கிடையாக 300, மேலிருந்து 220. பெரிதாகவும் ஆகிறது, கடலுக்கு அடியில் கிடப்பது போலவும் இருக்கிறது.

கண் வேண்டாம். 14 மி.மீ. புள்ளி தூரத்தில் இருந்து தெரியாது. அருகில் இருந்தால் மீன் முறைப்பது போலத் தெரியும்.

தேரிக்காடு:
முத்தை இறக்கியதும் மூன்றும் ஒன்றாகப் பொருந்திவிட்டன. முத்துக்கு மட்டும் லேசான சந்தன நிறம் கொடுக்கலாமா?

அச்சுமை:
கொடுக்க வேண்டாம். நீலத்தின் மேல் வெள்ளை மீனும் சந்தன முத்தும் பத்தடி தள்ளிப் பார்த்தால் ஒரே நிறம்தான். துணி பழசானால் வெள்ளையே சந்தனமாகிவிடும்.

செலவையும் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும். இப்போதைய வரைவில் நீலம், சிவப்பு என்று இரண்டே சட்டம். வெள்ளை என்பது அச்சடிக்காமல் விட்ட துணி. மீன், முத்து, உப்பு மூன்றும் துணியின் சொந்த வெள்ளையில் நிற்கும். இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பு கிடைக்காது. சந்தனம் சேர்த்தால் மூன்றாவது சட்டம்.

ஒரே ஒரு ஆபத்து: முக்கோணங்களின் அடி முனைகளில் நீலமும் சிவப்பும் தொட்டுக்கொள்கின்றன. கையால் அடிக்கும் ஸ்கிரீனில் சட்டம் 1, 2 மி.மீ. நகர்வது சாதாரணம். நகர்ந்தால் அந்த ஐந்து இடத்திலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கருஞ்சிவப்புப் புள்ளி விழும். முக்கோணங்களுக்கு அடியில் 10 மி.மீ. வெள்ளைக் கோடு ஓடட்டும். முக்கோண உயரத்தை 65 ஆக்கி, அடியில் 10 விட்டால் மொத்தம் அதே 75; மீனுக்கான இடைவெளி மாறாது. 45 டிகிரி கொஞ்சம் குறையும், அது கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளை நடுவில் வேண்டிய இன்னொரு காரணம், இந்த நீலமும் சிவப்பும் இரண்டுமே அடர் நிறங்கள். நீலத்துக்கு ஆர்ஜிபி (திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவு) 16, 52, 96. சிவப்புக்கு 168, 58, 30. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் 255க்கு ஒன்று 46, மற்றது 88. அந்தி வெளிச்சத்தில் இரண்டும் ஒரே இருட்டு. நடுவே வெள்ளை இருந்தால்தான் எல்லை தெரியும். வெள்ளை, மஞ்சள் ஒரு கட்சி. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு இன்னொரு கட்சி. ஒரே கட்சிக்காரர்கள் இருவர் அருகருகே நிற்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிழை குறையும்.

டிஜிட்டலில் அடிப்பதானால் நீலம் ஊதாவாகித் திரும்பி வரும். மெஜன்டா (இளஞ்சிவப்பு மை) சியானை (வெளிர்நீல மை) நெருங்கினால் அப்படி ஆகும். சியான் 100 என்றால் மெஜன்டா 65ஐத் தாண்ட விடாதீர்கள். முழுக்கொடி அடிக்கும் முன் ஒரு சாண் துணியில் இரண்டு நிறமும் அடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஊசிநூல்:
அண்ணன் அச்சைச் சொல்லிட்டாரு, நான் வெட்டுற அளவைச் சொல்றேன். 900 × 600ன்னு துணி வெட்டினீங்கன்னா கொடி கெட்டுச்சு. மடிச்சுத் தைக்கிறதுல சிவப்பு 200 இருக்கிறது 180 ஆயிரும், மீனும் மேல முட்டும்.

மேல், கீழ், பறக்கிற பக்கம் மூணுக்கும் 10 + 10 இரட்டை மடிப்பு, அதாவது பக்கத்துக்கு 20. கம்பத்துப் பக்கம் 40 அகலத்துல உறை வேணும். அதுக்கு முன் 40, பின் 40, உள்மடிப்பு 10, ஆக 90. துணி 1010 × 640. உறை டிசைனுக்கு வெளியில இருக்கணும், நீலத்தையோ சிவப்பையோ அது தின்னக் கூடாது.

பருத்தின்னா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நனைச்சுக் காயவச்சு இஸ்திரி போட்டுருங்க. இல்லன்னா முதல் மழையில 100க்கு 3, 4 வரைக்கும் சுருங்கும். தச்ச இடம் சுருங்காம நடுத்துணி மட்டும் சுருங்கி கொடி கிண்ணம் மாதிரி குழியும்.

அச்சு இல்லாம துணி மேல துணி ஒட்டித் தைக்கிறதா இருந்தா, சிவப்புத் துணியை மட்டும் நம்பாதீங்க. ஈர வெள்ளைத் துணியை அதுமேல வச்சுச் சூடா இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்க. வெள்ளையில ரோஸ் ஏறினா அந்தத் துணி வேண்டாம். இந்தக் கொடியில உப்பு வெள்ளை சிவப்புக்கு மேலேயேதான் உட்கார்ந்திருக்கு, சாயம் இறங்கினா முதல்ல கெடுறது அதுதான்.

உப்பு முக்கோணத்தைத் தனித்தனியா ஆறா வெட்டாதீங்க. அடியில உள்ள 10 கோட்டோட சேர்த்து ஒரே ரம்பப்பல் பட்டையா வெட்டுங்க. முனையில மடிப்புக் கொடுக்க முடியாது, அதனால ஓரத்தை மடிக்காம 3 மி.மீ. அகல நெருக்கமான ஜிக்ஜாக்ல மூடுங்க. அடியில மெல்லிசாக் காகிதம் வச்சுத் தைச்சா முனை இழுத்துக்காது, தைச்சப்புறம் காகிதத்தைக் கிழிச்சிரலாம்.

பறக்கிற ஓரத்துல 4 வரிசைத் தையல், பாலியஸ்டர் நூல். இரண்டு மூலையிலும் உள்பக்கமா முக்கோணத் துண்டு. கடற்கரையில கட்டுறதுன்னா கயிறு மாட்டுற கண்ணுக்குப் பித்தளை வாங்குங்க. இரும்புக் கண் உப்புக்காத்துல துருப்பிடிச்சு வெள்ளையில செம்மண் கறை ஓடும்.

பாய்மரம்:
சேர்த்துச் சொல்றேன்: இரண்டு பக்கமும் பளிச்சுன்னு தெரியணும்னு இரண்டு துணியை முதுகோட முதுகு தைக்காதீங்க, கொடி கனத்து அசையாது. இந்த வடிவத்துல திரும்பினா கெடுற பகுதியே இல்ல. பின்பக்கம் மீன் மையம் கம்பத்துப் பக்கமே இருக்கும். 110 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 110 கிராம் எடையுள்ள பாலியஸ்டர் ஒற்றைத் துணி போதும். மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் 'வாரல்' (வராதீர்கள்) என்று கைகாட்டி மறித்ததாச் சிலம்பில் வருதே, அந்த அசைவுதான் கொடிக்கு உயிர். விறைச்ச துணி கை காட்டாது.

கூத்துமேடை:
இதே முறையில் கூத்துக்குக் கொடி செய்ய முடியுமா? துரியோதனனுக்கு அரவக்கொடி, இராவணனுக்கு வீணைக்கொடி. இரண்டும் மக்களுக்குப் பெயரளவில் நன்றாகத் தெரியும். வடிவம் மட்டும் ஆளுக்கு ஒன்று. பெட்ரோமாக்ஸ் போய் எல்இடி விளக்கு வந்துவிட்டது, பார்வையாளர் நாற்பது, ஐம்பது அடி தள்ளி இருப்பார்.

கோணமானி:
வீணையில் எல்லாரும் நரம்பை வரைகிறார்கள், அதுதான் முதலில் மறையும். வீணை என்று அடையாளம் காட்டுவது குடமும் சுரைக்காயும் அவற்றை இணைக்கிற தண்டும். 600 உயரக் கொடியில்: 200 குறுக்களவில் ஒரு வட்டம், 130இல் இன்னொன்று, இரண்டையும் இணைத்து 45 அகலத்தில் சாய்ந்த தண்டு. பெரிய வட்டம் கம்பத்துப் பக்கம் கீழே, சிறியது மேலே. தண்டு சிறிய வட்டத்தைத் தாண்டி 80 நீளட்டும். தாண்டவில்லை என்றால் உடற்பயிற்சி எடைக்கட்டை போலத் தெரியும். கருஞ்சிவப்பில் மஞ்சள்.

அரவத்துக்குப் படம் விரித்த தலை கம்பத்தைப் பார்க்க வேண்டும். கொடி முன்னே போகும்போது கம்பம்தான் முன்னே போகும். தலை அந்தப் பக்கம் இருந்தால்தான் பாம்பு எதிரியை நோக்கிப் போகும். மாற்றி வைத்தால் பின்வாங்கும் பாம்பு. உடலில் இரண்டு வளைவுக்கு மேல் வேண்டாம், கோட்டின் தடிப்பு 50க்குக் குறைய வேண்டாம்.

எல்இடி வெள்ளையில் பளபளக்கும் சாட்டின் எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்ட இடம் வெள்ளையாகிச் சின்னம் மறைந்துவிடும். மங்கலான பாப்ளின் நல்லது.

நாணயப்பெட்டி:
பேச்சு விரிந்ததால் சோழர் கொடி வரைய நினைப்பவர்களுக்கும் ஒன்று. படங்களிலும் தொடர்களிலும் பாய்கிற புலியைப் பார்த்துப் பழகிவிட்டோம். திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இரட்டை மீன், கீழே வில், மேலே குடை, பக்கங்களில் சாமரமும் விளக்கும். மூவேந்தர் சின்னமும் ஒரே முத்திரையில். சோழர் கொடித்துணி எதுவும் நம் கைக்கு வரவில்லை. ஆகவே சிவப்பு என்று சொல்வதும் நம் கற்பனைதான். கற்பனைக் கொடிக்கு அது சுதந்திரம். உட்கார்ந்த புலியின் பக்கத் தோற்றம், கால்கள் நேர்கோடாக, வால் மேல்நோக்கி வளைந்தபடி வரைந்து பாருங்கள். கம்பீரம் குறையாது. சிவப்புப் பரப்பில் முகம் காட்டி உறுமும் புலித்தலை வேண்டவே வேண்டாம். அது விடுதலைப் புலிகளின் கொடியாகவே படிக்கப்படும். அந்த இயக்கம் இந்தியாவில் 1992 முதல் தடையில் இருக்கிறது.

உப்பளம்:
அதே மாதிரி கறுப்பு சிவப்பு இரண்டு பட்டை, கறுப்பு வெள்ளை சிவப்பு மூணு பட்டை, இதெல்லாம் நம்ம ஊர்ல ஏற்கெனவே கட்சிகளுக்குப் போயாச்சு. சிவப்பு மஞ்சள் சிவப்பும் 2024ல போயிருச்சு. வரைஞ்சு முடிச்சதும் வீட்டுல வேற ஒருத்தர்கிட்ட காட்டி, "இது எந்தக் கட்சி?"ன்னு மட்டும் கேளுங்க. உடனே ஒரு பேரு வந்துச்சுன்னா நிறத்தை மாத்துங்க.

அச்சுமை:
சட்டப்படி கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். அசோகச் சக்கரம், நான்முகச் சிங்கம், தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை எதுவும் கற்பனைக் கொடியில் கூடாது. 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள் சட்டம் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது, டி-சர்ட்டில் அடிக்க நினைப்பவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். தேசியக் கொடி பறக்கும் கம்பத்தில் வேறு கொடியைச் சேர்த்துக் கட்டக் கூடாது. பக்கத்தில் கட்டினாலும் அதைவிட உயரமாக இருக்கக் கூடாது.

முத்திரை போடும் ஆசைக்கு ஒரு எடுத்துக்காட்டு: 2018 மார்ச்சில் கர்நாடக அரசு முன்வைத்த மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கொடி. நடுவே கண்டபேருண்டம் என்கிற இருதலைப் பறவைச் சின்னம். பட்டைகள் அரை கிலோமீட்டரில் இருந்தும் தெரியும். சின்னத்தின் நுணுக்கம் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு தலைகளை மட்டும் பெரிதாக வெட்டி வைத்திருந்தால் அதுவும் தூரத்தில் பேசியிருக்கும் என்பது என் கருத்து.

தேரிக்காடு:
எல்லாவற்றையும் சேர்த்த மூன்றாம் வரைவு. அளவெல்லாம் மி.மீ., மேல் இடது மூலையில் இருந்து.

கொடி 900 × 600. நீலம் 0 முதல் 390 வரை. வெள்ளைக் கோடு 390 முதல் 400. சிவப்பு 400 முதல் 600. உப்பு முக்கோணம் 6, அடி 150, முனை 325இல். மீன் உடல் 35 முதல் 225, வால் முனை 205இல் தொடங்கி 285இல் அடி. மையக்கோடுகள் 210, 390. முத்து 80, மையம் 300, 220. நிறம் இரண்டு, துணியின் வெள்ளை ஒன்று. எஸ்விஜி கோப்பை இணைத்திருக்கிறேன்.

30 மி.மீ. உயரத்தில் அச்செடுத்துக் கையை நீட்டிப் பார்த்தால் மீனும் முத்தும் பிரிந்தே தெரிகின்றன. உப்பு முனைகளும் தெரிகின்றன. கம்பம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

பாய்மரம்:
கொடி நீளத்தைப் போல மூன்றரை மடங்கு. 900க்கு 3.15 மீட்டர், கொஞ்சம் கூடினாலும் சரி. 1350 × 900 தைக்கிறதா இருந்தா எல்லா அளவையும் ஒன்றரையால் பெருக்குங்க, கம்பம் ஏறக்குறைய 4.7 மீட்டர் வேணும். மடிப்பையும் உறையையும் மட்டும் பெருக்காதீங்க, மடிப்பு அதே 20, உறை கம்பத்தின் தடிப்பைப் பொறுத்தது.

ஊசிநூல்:
கம்பத்தின் சுற்றளவை நூல் வச்சு அளந்து, அதுல பாதியோட 8 மி.மீ. கூட்டினா உறை அகலம் வந்துரும். அதைவிட இறுக்கினா நனைஞ்ச துணி கம்பத்தோட பிடிச்சுக்கும், கழற்றும்போது தையல் விட்டுரும்.